வண்டிக்கு முன்னால, வண்டிக்குப் பின்னால

சேரன்மகாதேவியில் தண்டவாளத்தை ஒட்டிய அந்த வீட்டில் அன்றைக்கு யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அம்மா பேச்சித்தாய் அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கான விண்ணப்பத்தை அவள் இந்த வாரம்தான் லேப்டாப்பில் பாதி நிரப்பியிருந்தாள். இப்போது அந்தப் பக்கத்தையே காணோம். இன்றைக்கு ஐந்து மணியோடு விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். மணி மூன்றரை.

“பத்து வருசமா நெனச்சது, ஏட்டி. போச்சே!” அம்மாவின் குரல் உடைந்தது.

அரை நாள் பள்ளி முடிந்து வந்திருந்த ஏழாம் வகுப்பு மகள் முத்துராணி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “பக்கத்துக்குப் பேரு என்னம்மா?”

“பேரையா பாத்தேன்? ஒண்ணைத் தட்டுனேன். அங்கன இருந்து இன்னொண்ணுக்குப் போச்சு.”

பிரவுசரில், பார்த்த பக்கங்களின் பட்டியலைத் திறந்தாள் முத்துராணி. அடேயப்பா! தம்பி சுடலைமணியின் கிரிக்கெட்டே நானூறு வரி.

“ஏலே, ஒரே சிக்ஸர எத்தன தடவ பாப்ப?”

“எல்லாம் வேற வேற சிக்ஸர், எக்கா!”

‘பயிற்சி’ என்று தேடினாள். சிக்கவில்லை. பாதிப் பக்கங்களுக்கு ‘முகப்பு’ என்றுதான் பெயர்.

பள்ளிக் கண்காட்சிக்காக அவள் ஒரு எக்ஸ்டென்ஷன் செய்துகொண்டிருந்தாள். பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் குட்டி நிரல் அது. பார்த்த பக்கங்களை மணிவாரியாகப் பிரித்துக் காட்டும். பெருமையாக அதைத் திறந்தாள்.

“எத்தன மணிக்கும்மா பாத்த?”

“மணியா? அத யாரு பாத்தா?”

முத்துராணிக்கு எரிச்சலாக வந்தது. சட்டென்று ஒன்று உறைத்தது. அம்மா என்றைக்குக் கடிகாரம் பார்த்தாள்? காலை வண்டி போனால் உலை வைப்பாள். மத்தியான வண்டி போனால் கொடியிலிருந்து துணி எடுப்பாள்.

“சரி, எந்த வண்டி போயிருந்துச்சு?”

அம்மா நின்றாள். “காலை வண்டி போயிருந்துச்சு. மத்தியான வண்டி வந்தப்பதான் மேசை ஆடிச்சு. கீழ விழுந்துரும்னு பயந்து லேப்டாப்ப மூடிட்டேன்.”

நிரலில் இருந்த மணிவாரிப் பிரிவுகளை அழித்துவிட்டு, வண்டிகள் வந்துபோகும் நேரத்தை வைத்துப் புதுப் பிரிவுகளை எழுதினாள் முத்துராணி. ஓடவிட்டாள். சிவப்பு எழுத்தில் பிழை! நகத்தைக் கடித்தபடி வரிவரியாகப் பார்த்தாள். ஓர் அடைப்புக்குறியை மூட மறந்திருந்தாள்.

“எக்கா, மணி நாலேகால்!”

“பேசாம இருலே!”

இரண்டாம் தடவை ஓடியது. ‘காலை வண்டிக்குப் பின்னால, மத்தியான வண்டிக்கு முன்னால’ என்ற பொத்தானை அழுத்தினாள். அந்த நேரத்தில் சுடலைமணி பள்ளிக்கூடத்தில் இருப்பான். கிரிக்கெட் மொத்தமும் மறைந்து பதினோரு வரிதான் மிஞ்சியது.

ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஏழாவதில் பாதி நிரப்பிய படிவம் திறந்தது.

“இதான்! இதேதான், ஏட்டி!” அம்மா அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு மடமடவென்று மீதியை நிரப்பினாள். புகைப்படம் ஏறுவதற்குள் மூன்று பேருக்கும் உயிர் போய் வந்தது. மணி நாலு ஐம்பத்திரண்டு. ‘அனுப்பு’ என்பதை அம்மா தொட்டாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

தூரத்தில் சாயங்கால வண்டி கூவியது. வீடு அதிர்ந்தது. மேசை ஆடியது.

இந்தத் தடவை அம்மா லேப்டாப்பை மூடவில்லை. இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

கடைசிப் பெட்டி கடந்தபோது திரையில் எழுத்து வந்தது: ‘உங்கள் விண்ணப்பம் கிடைத்தது.’