மோப்பப் பெட்டி

உச்சி வெயிலில் அம்சவள்ளி படையல் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, உள் அறைக் கதவோரச் சுவரில் மாட்டியிருந்த சின்னப் பெட்டியில் எப்போதும் பச்சையாக எரியும் விளக்கு சிவந்திருந்தது.

அவள் கணவன் வெங்கடேசன் விஷச்சாராயம் குடித்துச் செத்து ஒரு வருஷம். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஆராய்ச்சிக்கு வந்த இலக்கியா என்ற பெண் அதன்பிறகுதான் அந்தப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனாள். கண்ணுக்கே தெரியாத நானோ இழைகள் உள்ளே இருக்கின்றன, விஷச்சாராயத்தில் கலந்திருக்கும் மெத்தனாலின் ஆவி துளி பட்டாலும் சிவக்கும் என்றாள்.

இலையில் வடை, கருவாட்டுக் குழம்பு. செத்தவனுக்குப் பிடிக்குமென்று கொழுந்தன் இருசப்பன் ஊற்றிவைத்த ஒரு தம்ளர் சாராயம்.

"கட சரக்குன்னு சொன்னியேப்பா."

"கட சரக்குதான் அண்ணி. டப்பா கெட்டுப்போயிருக்கும். அப்பிடியே இருந்தாலும் அண்ணனுக்கு இனிமே இன்னா ஆவப்போவுது?"

அவள் தம்ளரைக் கொல்லையில் கவிழ்த்து, புளிபோட்டுத் தேய்த்து, சன்னல்களையெல்லாம் திறந்து, கல்வராயன் மலைக்காற்று ஊதுபத்திப் புகையையும் சாமந்தி வாசத்தையும் வாரிக்கொண்டு போகும்வரை காத்து நின்றாள். விளக்கு மாறவில்லை.

பெட்டியைக் கழற்றினாள். வாசலில் பச்சை. அடுப்படியில் பச்சை. உள் அறைப் பக்கம் திரும்பினாள். சிவப்பு. சுவர்க்கோழிபோல் சன்னமாக ஒரு சத்தம்.

உள்ளே மகன் அஜித் படுத்திருந்தான். முந்தின நாள் சாயங்காலம் சித்தப்பாவோடு போய்வந்தவன், தலைவலி என்று இன்னும் எழவில்லை.

"புள்ளைக்கு இன்னா குடுத்த?"

"அப்பன் நெனப்புல அழுதுக்கினு இருந்தான். கொஞ்சம்தான் ஊத்துனேன்."

"நீ குடிச்சியா?"

இருசப்பன் குனிந்து செருப்பைத் தேடினான். "விக்கிறவன் குடிப்பானா அண்ணி?"

விற்கிறவன். அண்ணனுக்கும் ஊற்றியவன். முன்னால் நின்று பாடைக்குத் தோள் கொடுத்தவன்.

அவள் அறைக்குள் ஓடினாள். மகனின் மூச்சுப் பட்டதும் பெட்டி விடாமல் கத்தியது. சன்னல் வெயில் நேராக அவன் முகத்தில். கண்கள் விரியத் திறந்திருந்தன. கூசவில்லை. இமைக்கவில்லை.

"கரண்ட் போயிடுச்சாம்மா? ஒரே இருட்டா கீது."

அவன் கை வெயிலைத் துழாவித் துழாவி அவள் முகத்தைத் தேடியது.