போட்டு வாறன்

வினுஷாவின் குரலைத் தாரிணி கடைசியாகக் கேட்டு இருபத்தொன்பது நாட்கள் ஆகியிருந்தன. அன்று மாலை அவள் கணினியைத் திறந்தபோது, விளையாட்டின் நண்பர்கள் வரிசையில் வினுஷாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

அது எரியக் கூடாது. இந்த ஒரு மாதமாக அதை எரிய வைப்பவள் தாரிணிதான். அவள் இன்னும் பழைய மடிக்கணினியைத் தொடவே இல்லை.

ஆய்வகத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். நாள் முழுக்கப் பாலிலும் கோழி இறைச்சியிலும் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால் அவளுக்குப் பிடித்த வேலை. மெல்பர்ன் புறநகரான ட்ருகனினாவில் ஜூலை மாதத்துக் குளிர்கால இருட்டு ஐந்தரைக்கே இறங்கிவிடும். கிடங்குகளின் பக்கமிருந்து பின்னோக்கி நகரும் லாரிகளின் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. பாதி கட்டி நிற்கும் வீடுகளிலிருந்து ஈரச் சிமெண்டின் வாடை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து, காலையில் தாளித்த எண்ணெயின் மணத்தோடு கலந்து நின்றது. முன்வீட்டில் வெளிச்சம் இல்லை. வீட்டுக்காரர்கள் ‘தி பேசின்’ ஊரிலுள்ள விநாயகர் கோவிலுக்குப் போயிருந்தார்கள். பின்பக்கத்து ஒற்றை அறைதான் தாரிணியுடையது. பக்கவாட்டுக் கேட்டைத் திறந்து, வேலியோரமாக நடந்து வர வேண்டும்.

அந்த விளையாட்டில் எல்லோரும் ஒரு தீவில் வாழ்வார்கள். பெரிதாக ஒன்றும் நடக்காது. மீன் பிடிக்கலாம், தோட்டம் போடலாம், பலகை சேர்த்து வீடு கட்டலாம். வினுஷாவும் தாரிணியும் சேர்ந்து துறைமுகத்துக்கு மேலே ஒரு வீடு கட்டினார்கள். ஒருமுறை பக்கத்துத் தீவில் ஓர் ஆட்டைத் திருடிக்கொண்டு வரும்போது படகு கவிழ்ந்து, ஆட்டையும் இழுத்துக்கொண்டு இருவரும் நீந்தியே கரை சேர்ந்தார்கள். அந்த ஆட்டுக்கு வினுஷா ‘மனேஜர்’ என்று பெயர் வைத்தாள். தன் மேலாளருக்கும் அதே முகம்தான் என்றாள். மதுரையை விட்டு வந்த பிறகு தாரிணி வாய்விட்டுச் சிரித்தது அந்த இரவில்தான்.

இரண்டு வருடங்கள். நேரில் ஒரு தடவைகூடப் பார்த்துக்கொண்டதில்லை. வினுஷா இருந்தது சிட்னியில், பென்டில் ஹில்லில். பார்சலில் கறித்தூள் அனுப்புவாள். ஜூலையில் மெல்பர்னுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

ஜூன் மாதம் ஒரு காலை, மழைச் சாலையில், அவள் வேலைக்குப் போகும் வழியில் ஒரு லாரி. இரண்டு நாள் கழித்து அவளுடைய அண்ணன் துஷாந்த் இறுதிச் சடங்கின் நேரலை இணைப்பை அனுப்பினான். பூக்களுக்கு நடுவே, திறந்திருந்த பெட்டியில், தோழியின் முகத்தைத் தாரிணி முதன்முதலாகப் பார்த்தாள். அவளுக்குச் சுருள்முடி என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

தீவில் யாருக்கும் தாரிணி அதைச் சொல்லவில்லை. ஒரு மாதம் உரிமையாளர் நுழையாவிட்டால் வீடு அழிந்துவிடும். வீடு வினுஷாவின் பெயரில் இருந்தது. மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி அவள் எப்போதோ கொடுத்த கடவுச்சொல் தாரிணியிடம் இருந்தது. வீட்டைக் காப்பாற்றத்தான் முதல் நாள் நுழைந்தாள். அந்த நேரம் பார்த்துச் சுபாங்கன் வந்து, “வினு, எங்கயடி போனனி?” என்று கேட்டான். டாண்டினோங்கில் படிக்கும் பையன். அவர்களோடு மூன்றாவதாகச் சேர்ந்தவன். தாரிணியின் விரல்கள் தாமாகவே தட்டின: மைக் பழுது.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் இரண்டு திரைகள், இரண்டு பெண்கள். இங்கே தாரிணி பேசுவாள்; அங்கே வினுஷா ‘ஓம்’ என்று எழுதுவாள். வெளியேறும்போது வினுஷா வழக்கமாகச் சொல்வதையே தாரிணியும் எழுதிவிட்டு அணைப்பாள்: போட்டு வாறன். வினுஷா இறந்ததைச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். சொல்லாதவரை அவளுக்கு ஒரு தோழி இருந்தாள்.

இப்போது பச்சைப் புள்ளி. திரையில் மிளகாய்ப் பாத்தி நனைந்து கறுத்திருந்தது. வினுஷாவின் உருவம் வாசலில், தாரிணிக்கு முதுகைக் காட்டி நின்றது.

பழைய மடிக்கணினியைத் திறந்து கடவுச்சொல்லைப் போட்டாள். இந்தக் கணக்கு வேறொரு இடத்தில் திறந்திருக்கிறது என்று வந்தது.

துஷாந்தாக இருக்கும். அல்லது அவள் அம்மா. மகளின் நாற்காலியில் உட்கார்ந்து, எதையோ அழுத்திப் பார்க்கிறாரோ என்னவோ. அவர்களிடமே கேட்டுவிடலாம் என்று தாரிணி நினைத்தாள். கைபேசியை எடுத்தாள்.

“ஆர், மெல்பன் பிள்ளையோ?” வினுஷாவின் அம்மா சத்தியபாமாவின் குரல் களைத்திருந்தது.

“ஆமா ஆன்ட்டி. அவளோட கம்ப்யூட்டர்ல யாராச்சும் இருக்கீங்களான்னு…”

“அதைக் கழட்டிப் பெட்டியில போட்டு ஒட்டி வைச்சாச்சு பிள்ளை. ஒருத்தரும் தொடேல்லை. நாளையிண்டைக்கு முப்பத்தொண்டாம் நாள் கிரியை. அது முடியட்டும் எண்டு இருக்கிறன்.” பின்னால் பாத்திரச் சத்தம். “இஞ்ச ஒரே சனம். இப்பத்தப் பெடியளுக்கு ஒண்டும் தெரியாது. வந்து இருந்திட்டு, வெளிக்கிடேக்க ‘போட்டு வாறன் அன்ரி’ எண்டுதுகள். செத்த வீட்டில அப்பிடிச் சொல்லுறதே? பேசாமல் எழும்பிப் போகவேணும். எனக்கு நெஞ்சு பக்கெண்டுது.”

தாரிணிக்கும் அது தெரியும். மதுரையிலும் அப்படித்தான், துக்க வீட்டில் யாரும் ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்வதில்லை. வந்தவர்களே சொல்லக் கூடாது.

அவளோ, போனவளையே சொல்ல வைத்திருந்தாள். ஒவ்வொரு மாலையும். அவள் பெயரில். அவள் வாயால்.

“பிள்ளை? நிக்கிறியோ?”

“இருக்கேன் ஆன்ட்டி,” என்று சொல்லி, வேறெதுவும் சொல்லாமல் வைத்தாள்.

தலையில் மாட்டும் ஹெட்செட்டில் கலகலவென்று சிரிப்பு கேட்டது. சுபாங்கன் உள்ளே வந்திருந்தான். தாரிணி அதை எடுத்துக் காதில் வைத்தாள்.

“அப்பாடா, ஒரு மாதிரி மைக்கைத் திருத்திப்போட்டாள்,” என்றான். “தாரு, கேட்டியே? இவ்வளவு நாளும் ஊமை மாதிரி நிண்டிட்டு, இண்டைக்கு வாய் ஓயாமக் கதைக்கிறாள்.”

“யாரு?”

“யாரோ? உன்ர கூட்டாளிதான்.”

வினுஷாவின் பெயருக்குப் பக்கத்தில், யாராவது பேசும்போது துடிக்கும் சின்னக் குறி துடித்துக்கொண்டிருந்தது. தாரிணிக்கு எதுவும் கேட்கவில்லை. சத்தத்தை முழுக்கக் கூட்டினாள். சுபாங்கன் மூச்சு விடுவது கேட்டது. அவன் கணினியின் விசிறி சுற்றுவது கேட்டது. குறி துடிக்கும்போதெல்லாம், கிணற்றின் வாயில் காதை வைத்தது போல ஒரு வெறுமை மட்டும்.

“ஓமோம்… சீச்சீ, அவள் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை,” என்று சுபாங்கன் யாருக்கோ சொல்லிச் சிரித்தான். “தாரு, உன்னைத்தான் கேக்கிறாள். ஏன் பதில் சொல்லாமல் இருக்கிறாய் எண்டு.”

“என்ன கேக்குறா?”

“தான் வந்திட்டாளாம். எந்தக் கதவு எண்டு கேக்கிறாள்.”

திரையில் வினுஷாவின் உருவம் மெதுவாகத் திரும்பியது. நடந்து வந்தது. தாரிணியின் உருவத்துக்கு எதிரே, மூக்கும் மூக்கும் தொடும் தூரத்தில் நின்றது.

“சுபாங்கன், அவகிட்டப் பேசாத.”

“ஏன், சண்டையோ?” அவன் குரலில் கேலி இருந்தது. பிறகு கொஞ்சம் குழம்பினான். “முன்வீடு இருட்டாக் கிடக்காம். பக்கத்துக் கேட்டால வரட்டோ எண்டு கேக்கிறாள். இதென்ன கேட்? தீவில எங்க கேட் கிடக்கு?”

வெளியே வேலியோரம் சென்சார் விளக்கு எரிந்தது.

ஜன்னல் திரைச்சீலையின் ஓரம் வெளுத்தது. தாரிணி அசையவில்லை. பூனையாக இருக்கும். பூனைக்கும் அது எரியும். கேட்டின் கொக்கி தூக்கப்பட்டு, திரும்ப விழுந்தது. பூனை கொக்கியைத் தூக்காது.

லாரிகளின் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது?

சரளைக்கல்லில் காலடி. ஒன்று. இடைவெளி. இன்னொன்று. நடக்கப் பழகுகிறவர்களின் நடை.

“வினு, ஏனப்பா மூச்சு வாங்குது உனக்கு?” என்று சுபாங்கன் கேட்டான். “மழையில நனைஞ்சனியோ?”

வெளியே மழை இல்லை.

இப்போது சொல்ல வேண்டும். அவனிடம். அந்த ஒரு வார்த்தையை. சொன்னால் வீடு போகும், மாலைகள் போகும், ‘ஓம்’ என்று எழுத யாரும் இருக்க மாட்டார்கள். இந்த ஊரில் தாரிணியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட யார் மிஞ்சுவார்கள்? திறந்துவிட்டால்தான் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. வரட்டுமே. வருவதாகச் சொன்னவள்தானே.

அப்படித் தோன்றியதுதான் அவளை அதிகம் நடுங்க வைத்தது.

கதவின் பனிக்கண்ணாடியில் ஒரு நிழல் வந்து நின்றது. தலை மட்டும் பெரிதாக. சுருள் சுருளாக.

“தாரு,” சுபாங்கனின் குரல் தாழ்ந்திருந்தது. “அவள் அழுறாள். இவ்வளவு தூரம் வந்தும் திறக்கிறியில்லையாம். தனக்கு ஒண்டும் விளங்கேல்லையாம். வீட்டில எல்லாரும் தன்ர படத்துக்கு மாலை போட்டிருக்கினமாம். ஏன் எண்டு… ஏன் எண்டு உன்னைக் கேக்கச் சொல்லுறாள். தாரு, இதென்ன விளையாட்டு? ஆர் செத்தது?”

தாரிணி ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

அமைதி. குளிர்சாதனப் பெட்டியின் முனகல். கதவுக்கு அடியில் ஈரம், மெல்ல, உள்ளே பரவி வந்தது.

கைப்பிடி இறங்கத் தொடங்கியது.

“ஆர் செத்தது, தாரு?”

மேசையிலிருந்து அல்ல. கதவுக்கு வெளியிலிருந்து. இருபத்தொன்பது நாட்களாகக் கேட்காத குரல். அதே குரல். மூக்கடைத்து, பயந்து போய்.

தாரிணி கதவருகே போனாள். ஈரம் அவள் காலுறையை நனைத்தது. கண்ணாடியில் கையை வைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு கை, அதே இடத்தில் வந்து ஒட்டியது.

“நீதான், வினு,” என்றாள் தாரிணி. “நீ செத்துட்ட.”

பாதி இறங்கியிருந்த கைப்பிடி அப்படியே நின்றது. கீழேயும் வரவில்லை. மேலேயும் போகவில்லை.