அப்பா பெயரில் ஓடிய துடிப்பு

காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது. மகள் தம்ளரைத் தொடக்கூட இல்லை. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தவள், இன்னும் ஓயவில்லை.

“அப்பாவோட இதயத் துடிப்பு கொஞ்ச நாளா தாறுமாறா ஓடுது... பக்கத்துலயே இருந்து என்னத்தம்மா கவனிச்சே? உப்பைக் குறைச்சியா? இல்ல, தினம் வாயைக் கொடுத்து அவருக்குக் கோபம் ஏத்துறியா?”

அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. பதில் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். விழுங்குவது அவளுக்குப் புதிதா என்ன!

லாரி ஓட்டி ஓய்ந்த அவள் கணவருக்குப் போன வருடம் மாரடைப்பு வந்தது. தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதால் ‘என் முகத்திலேயே முழிக்காதே’ என்று அவர் விரட்டியிருந்த மகள், ஆஸ்பத்திரிக் கட்டிலருகேதான் மறுபடி “அப்பா” என்று கூப்பிட்டாள். மருந்துக்கடை வைத்திருப்பவள் அவள். டாக்டரைக் கேட்டு, மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் ஆப் ஒன்றை அப்பாவின் போனில் ஏற்றினாள். அவர் கை வாட்சோடு அந்த ஆப் சேரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதற்கு ஒத்துப்போனது, நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டை ஒன்றுதான். தண்ணீர் தொட்டு அதைக் கட்டிக்கொண்டு மூச்சை இழுத்து விட்டால், துடிப்பின் கோடு மகளின் போனிலும் ஓடும்.

“நான் என்ன வண்டி மாடா, நெஞ்சுல வார் கட்ட?” என்று அவர் அதை அலமாரியில் எறிந்ததோடு சரி. மகளுக்குத் தெரிந்தால் அவள் கத்துவாள், இவரும் பதிலுக்குக் கத்துவார். ஒட்டிய உறவு மறுபடி பிய்ந்துவிடுமே! அதனால் தினமும் அவர் குளிக்கப் போன பிறகு, அம்மா அவர் போனோடு கதவைத் தாழிட்டுக்கொண்டு பட்டையைத் தன் நெஞ்சில் கட்டிக்கொண்டாள்.

“ஒருவேளை ஆப்புக்கும் பட்டைக்கும்தான் ஒத்துக்கலையோ...” மகளுக்குத் திடீரென்று சந்தேகம் வந்தது. பட்டையை எடுத்துவந்து முதலில் தானே கட்டிப் பார்த்தாள். கோடு ஒழுங்காக ஓடியது. பிறகு திண்ணையில் இருந்த அப்பாவைக் கூப்பிட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னாள். லாரிகளையே அதட்டியவர், மகள் முன்னால் மறுபேச்சில்லாமல் கையைத் தூக்கினார். கோடு அப்போதும் பிசகவில்லை.

“எல்லாம் சரியாத்தானே இருக்கு! அப்போ இன்னிக்குக் காலையில தாறுமாறா வந்தது?” மகள் நிமிர்ந்தாள். “அப்பா, இதை நான் எடுக்கும்போதே ஈரமா இருந்துச்சே. காலையில கட்டினீங்களா?”

அவர் தலை கவிழ்ந்தது. “நான்... ஒரு நாளும் கட்டினதில்லம்மா.”

மகளின் பார்வை சமையலறைப் பக்கம் போனது. போன முறை வந்தபோது, மாடிப்படி ஏறுகையில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதும், “வயசாச்சுல்ல” என்று சிரித்ததும் இப்போதுதான் அவளுக்கு உறைத்தன.

“அம்மா... அது உன்னோடதா?”

“நீங்க ரெண்டு பேரும் மறுபடி பேசாம போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன்டி... எனக்கு ஒண்ணுமில்ல. லேசா படபடன்னு வரும், அவ்வளவுதான்.”

மகள் ஓடிவந்து, சோப்பு நுரையோடு நின்ற அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். “வாய்க்கு வந்தபடி பேசிட்டேனேம்மா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” அம்மாவின் தோளில் முகம் புதைத்து அழுதாள். இத்தனை நாள் விழுங்கியதெல்லாம் அம்மாவின் கண்வழியே வழிந்தது.

அழுகை அடங்குமுன்பே ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லியாயிற்று. அப்பா பட்டையை அவிழ்த்து மகளிடம் நீட்டினார்.

“முதல்ல அந்தப் போன்ல என் பேரை எடும்மா. அவ பேரைப் போடு.”

“அப்போ உங்க பயிற்சி என்னங்க ஆகும்?” என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்தபடி. அந்த நிலையிலும் அவளுக்கு அதுதான் கவலை!

“உன் பக்கத்துல உக்காந்து நானும் மூச்சை இழுத்து விடறேன். வார் உனக்கு, வைராக்கியம் பிடிச்ச கழுதை நான்... எனக்கு நீ எண்ணிச் சொல்லு, போதும்.”

வாசலில் வண்டி வந்து நின்றது. எப்போதும் அவளை விட்டுவிட்டு முன்னால் போய், வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடிப்பவர், அன்று குனிந்து அவள் செருப்பை எடுத்துக் காலருகே வைத்தார்.