குழாய்க்குள் மூன்று தட்டு

இந்த மின்நிலையத்தின் வரலாறு, மனிதன் இருளை வென்ற வரலாறு. நூற்றாண்டு மலருக்காக ஃபோர்மேன் எழுதிய முதல் வரி இது. இரண்டு டர்பைனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினாலும் பெரிய இன்ஜினியர் வீட்டு ஏசி முனகிக்கொண்டுதான் ஓடும் என்பதை அவர் எழுதவில்லை.

பேனாவை மூடும்போதுதான் கேட்டது. டங். டங். டங்.

கோடையில் ஆறு வற்றி, இரண்டு மாதமாக டர்பைன்கள் நின்றிருந்தன. தண்ணீர் இறங்கும் பெரிய இரும்புக் குழாய் காலி. விடுமுறை நாளின் பிற்பகல் வெயிலும், கிரீஸும் காய்ந்த பாசியும் கலந்த வாடையும், தரையில் நீண்டு கிடந்த கிரேனின் நிழலும் தவிர அந்தக் கூடத்தில் அவருக்குத் துணை யாருமில்லை. சூட்டில் இரும்பு விரிகிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். இரும்பு எண்ணித் தட்டுமா? மூன்று தட்டு என்றால், உள்ளே ஆள் இருக்கிறது, தண்ணீரை நிறுத்து என்று அர்த்தம்.

போன் அடித்தது. பெரிய இன்ஜினியர்.

“என்ன ஃபோர்மேன், முடிஞ்சுதா? நூறு வருஷத்துல ஒரு உயிர்கூடப் போகலன்னு கட்டம் கட்டிப் போடுங்க. மந்திரி படத்துக்குக் கீழ வரணும்.”

“சார், என் தம்பி…”

“அட, அவர் அன்னைக்கு லீவுங்க. ரெக்கார்டுலயே இருக்கே.”

அந்த லீவு லெட்டரை எழுதியதே ஃபோர்மேன்தான். தம்பி செத்த மறுநாள், மேலே சொன்னார்கள் என்று, தம்பியின் கையெழுத்தையும் சேர்த்து.

முப்பது வருஷமாகிறது. குழாய்க்குள் துரு சுரண்டப் போகிறவன் தன் பெயர் பொறித்த பித்தளை வில்லையை மதகுச் சக்கரத்தில் மாட்டிவிட்டுப் போவான். வில்லை தொங்கும்வரை சக்கரத்தை யாரும் தொடக்கூடாது. அன்று மந்திரி வருகிறார் என்று, பளபளக்க வேண்டிய பித்தளையையெல்லாம் பாலிஷ் போட அள்ளிப்போனார்கள். தம்பியின் வில்லையும் போயிற்று. வெறும் சக்கரத்தைப் பார்த்த அண்ணன் அதைத் திருகித் தண்ணீரைத் திறந்துவிட்டார். பேண்டு வாத்தியச் சத்தத்தில் எந்தத் தட்டலும் கேட்கவில்லை. விளக்குகள் எரிந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். அவரும்.

டங். டங். டங்.

இப்போது பக்கத்தில். குழாயில் ஆள் நுழையும் துவாரத்தின் மூடிக்கு நேர் பின்னால்.

“அண்ணா…”

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடினார். “வந்துட்டேண்டா. இந்தா, வந்துட்டேன்.” கண்ணீரில் போல்ட்டுகள் மங்கின. ஒவ்வொன்றாகக் கழன்றன. மூடி ஒரு சாண் திறந்தது.

குளிர். சேற்று நாற்றம். இருட்டு.

விளிம்பைப் பிடித்தன நான்கு விரல்கள். ஊறி வெளுத்தவை. நகங்கள் தேய்ந்து போனவை.

“அண்ணா, மந்திரி போயிட்டாரா? நான் வெளிய வரலாமா?”

அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் போதும். முப்பது வருஷமாக அவர் கனவில் செய்தது அதைத்தான்.

மூடியைத் திரும்பத் தள்ளிச் சாத்தினார். தோளைக் கொடுத்து அழுத்தினார். ஒரு போல்ட். இன்னொன்று. எல்லாம்.

இடுக்கில் சிக்கிய விரல்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.

ஃபோர்மேனுக்குக் கால்சட்டையிலேயே சிறுநீர் போயிருந்தது.