சரக்குப் பெட்டிக்கு விலை இல்லை

மதியம் அந்த வீட்டு வாசலில் அவள் ஆட்டோவை விட்டு இறங்கியபோது, அண்ணனும் தங்கையும் படியிலேயே நின்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், நல்ல நேரத்துல வந்தீங்க. நீங்களே சொல்லுங்க, முழு செட்டா வித்தாத்தானே விலை போகும்?" என்றான் அண்ணன்.

"அவங்க இன்னும் குடையக்கூட மடக்கல. அதுக்குள்ள பேரம்," என்றாள் தங்கை.

பழைய பொம்மைகளை இனம் கண்டு விலை மதிப்பது அவள் வேலை. ஏலக் கம்பெனியில் அவளுக்குச் 'சந்தேகம்' என்று பட்டப்பெயர். அசல் பொருளைக் கையில் கொடுத்தாலும் திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டு, "எனக்கென்னவோ இடிக்குதே" என்பாள். அவளுக்கு இடித்தால் அதில் ஏதோ கோளாறு இருக்கும். அதனால் முணுமுணுத்தபடியே அவளைத்தான் அனுப்புவார்கள்.

இவர்களுடைய அப்பா பல் வைத்தியர். அவர் இறந்து சில மாதம் ஆகியிருந்தது. கீழ்த்தளத்தில் அவருடைய சிகிச்சை அறை அப்படியே கிடந்தது. சாய்வு நாற்காலிமேல் வெள்ளைத் துணி. வாய் கொப்பளிக்கும் தொட்டி காய்ந்துபோயிருந்தது. ஜன்னல்கள் திறந்திருந்தும் கிராம்பு எண்ணெய் வாசனை மட்டும் போகவில்லை.

அவர்கள் விற்க நினைத்த பொம்மை ரயில் மாடியில் இருந்தது. சுவரை ஒட்டி நீண்ட மேஜை. அதன்மேல் சுற்றி வளைந்து ஓடும் தண்டவாளம். ஒரு மூலையில் மலையும் சுரங்கமும். பல் அச்சு எடுக்கும் வெள்ளை மாவைக் குழைத்தே வைத்தியர் அந்த மலையைச் செய்திருந்தார்.

"சின்ன வயசுல எங்களத் தொடக்கூட விடமாட்டார்," என்றாள் தங்கை.

"உன்னை விடமாட்டார். நீ சக்கரத்தப் பிடுங்குவ," என்றான் அண்ணன்.

மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். சந்தேகம் பல்லைக் கடித்துக்கொண்டு பூதக்கண்ணாடியை எடுத்தாள்.

எஞ்சின் அவளைச் சோதிக்கவில்லை. தகர உடம்பு, சாவி கொடுத்தால் ஓடும் இயந்திரம், அடிவயிற்றில் தேயாத முத்திரை. திருகாணிகளின் வாயில் கீறல் இல்லை, யாரும் கழற்றியதில்லை. பயணிகள் பெட்டிகளும் அப்படியே. வண்ணம் அச்சில் ஏறியது, தூரிகை படாதது. வைத்தியர் பொம்மையைத் தாய் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்திருக்கிறார்.

கடைசியாக ஒரு சரக்குப் பெட்டி. அங்கேதான் வந்தது வினை.

முத்திரை இல்லை. கொக்கி வேறு மாதிரி. சக்கரங்களின் அகலம் மட்டும் தண்டவாளத்துக்குப் பொருந்தியது. பக்கக் கதவை ஈயம் வைத்து அடைத்திருந்தார்கள். தொழிற்சாலையில் அப்படி அடைக்க மாட்டார்கள். குலுக்கினால் உள்ளே கலகலவென்று ஏதோ உருண்டது.

"இது யாரு செஞ்சது?"

"அதுதான் மேடம் அபூர்வம்," என்றான் அண்ணன். "விக்காம நிறுத்தின மாடலா இருக்கும்."

"அத மொதல்ல தூக்கிப் போடுங்க. எனக்குப் பிடிக்கல," என்றாள் தங்கை.

சந்தேகம் அதைத் தனியாக ஜன்னல் விளிம்பில் வைத்தாள். எஞ்சினைப் படம் எடுக்கத் திரும்பினாள். சரக்குப் பெட்டி எஞ்சினுக்குப் பின்னால் மாட்டியிருந்தது.

"யாரு மாட்டினது?"

"இவதான்."

"நான் கிட்டயே வரல. நீதான் அபூர்வம் அபூர்வம்னு குதிச்ச."

அவளுக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. இருவரையும் கீழே போகச் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டு, சரக்குப் பெட்டியைக் காகிதத்தில் சுற்றி அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். கீழே சண்டை தொடர்ந்தது. பாகம் பிரிக்கும் சண்டைக்கு மழைச் சத்தம் தாளம் போட்டது.

பயணிகள் பெட்டி ஒன்றின் கூரையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

சரக்குப் பெட்டி தண்டவாளத்தில் நின்றது.

சுற்றியிருந்த காகிதம் மேஜை ஓரத்தில் இருந்தது, நோயாளியின் கழுத்தில் கட்டும் துணியைப்போல் சுருக்கமில்லாமல் மடித்து.

கதவு சாத்தியபடியே இருந்தது.

வேறு யாராவது என்றால் அப்போதே மூட்டையைக் கட்டியிருப்பார்கள். சந்தேகத்துக்கு வந்தது பயமல்ல, ஆத்திரம். அரை நாள் வேலை, இரண்டு பேரின் நச்சரிப்பு, இப்போது ஒரு தகரப் பெட்டி வேறு தன்னோடு விளையாடுகிறது! விற்க வந்த பொருளை உடைத்துப் பார்ப்பது அவள் தொழிலில் பாவம். அது தெரிந்தும் மெல்லிய கத்தியை எடுத்து ஈயத்தில் நுழைத்து நெம்பினாள்.

கதவு பட்டென்று திறந்தது.

உள்ளே பற்கள்.

அரிசியைப்போல் சின்னச் சின்னப் பால்பற்கள். நடுநடுவே வேரோடு நீண்ட பெரியவர்களின் பற்கள். எல்லாமே கழுவித் துடைத்த வெள்ளை.

அவள் போட்ட சத்தத்தில் இருவரும் மாடிக்கு ஓடிவந்தார்கள். அண்ணன் பார்த்தான். அவனுடைய பேரமெல்லாம் எங்கோ போயிற்று.

"பல் பிடுங்க வர்ற பசங்ககிட்ட அப்பா சொல்வாரு," என்றான் மெதுவாக. "பல்லு ரயிலேறிப் போயிடும், வலியும் கூடவே போயிடும்னு. சும்மா சமாதானத்துக்குச் சொல்றாருன்னு நெனச்சேன்."

"மூடுங்க," என்றாள் தங்கை. "அக்கா, மூடுங்க, ப்ளீஸ்."

மூட முடியவில்லை. கதவு வளைந்துவிட்டிருந்தது.

கிராம்பு எண்ணெய் வாசனை படியேறி வந்தது. அறைக்குள் வந்து, அவர்களுக்கு நடுவே நின்றது.

எஞ்சின் நகர்ந்தது.

எஞ்சினின் சாவி சந்தேகத்தின் கைக்குள் இருந்தது. உள்ளங்கையில் அழுந்திக்கொண்டிருந்தது. ஆனாலும் சக்கரங்கள் சுழன்றன. பெட்டிகள் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி, வெள்ளைச் சுரங்கத்துக்குள் நுழைந்தன. கை நீளம்கூட இல்லாத சுரங்கம் அது. மறுபக்கம் உடனே வர வேண்டும்.

வரவில்லை.

சத்தம் மட்டும் கேட்டது. தடக், தடக் என்று, தூரம் போய்க்கொண்டே இருந்தது. சுவரைத் தாண்டி, தெருவைத் தாண்டிப் போவதுபோல் தேய்ந்தது.

பிறகு அந்த இருட்டு வாய்க்குள்ளிருந்து ஒரு குரல். தாழ்ந்த, பொறுமையான, பரிவான குரல்.

"வலிக்காது. வாயைத் திற."

யாரும் அசையவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றார்களோ தெரியாது. சந்தேகம்தான் முதலில் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். தங்கை வாயை அகலத் திறந்துகொண்டு நின்றாள். அண்ணனும் அப்படியே. கடைவாயில் எச்சில் வழிந்தது.

தன் தாடையும் வலிப்பதை அவள் அப்போதுதான் உணர்ந்தாள்.

ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்து, அவள் முன்னால் நின்றது. சரக்குப் பெட்டியின் கதவு மூடியிருந்தது. அதன்மேல் புது ஈயம் பளபளத்தது. விரலை வைத்தாள். சுட்டது.

"இதுக்கு நான் விலை சொல்ல மாட்டேன்," என்றாள். பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டாள். "எதுக்குமே சொல்ல மாட்டேன். ரூமப் பூட்டுங்க."

அன்று முழுக்க ஒரு பேச்சிலும் ஒத்துப்போகாத அண்ணனும் தங்கையும் ஒன்றாகவே தலையாட்டினார்கள். அண்ணன் பூட்டைப் பிடிக்க, தங்கை சாவியைத் திருப்பினாள். வாசல்வரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் தன்மேலேயே எரிந்து விழுந்தாள். ஒரு நாள் வீண். மேலதிகாரிக்கு என்ன பதில் சொல்வது? 'பொருள் அசல், ஆனால் பேய் இருக்கிறது' என்றா? சாப்பிட உட்கார்ந்து முதல் வாயை மென்றபோது, நாக்கு ஓரிடத்தில் தடுக்கி நின்றது.

வலது கடைவாய்ப்பல் ஒன்று இல்லை.

ரத்தம் இல்லை. வலி இல்லை. ஈறு வழுவழுவென்று இருந்தது. காலையில் அதே பல்லால்தான் அவள் ரொட்டியைக் கடித்திருந்தாள்.

மறுநாள் அவளுடைய பல் டாக்டரம்மா விளக்கைச் சாய்த்து உள்ளே பார்த்தார்.

"இது எடுத்து வருஷக்கணக்கா ஆயிருக்குமே! போன தடவ நான் எப்படிக் கவனிக்காம விட்டேன்? ஈறு என்ன அழகா மூடியிருக்கு. யாருகிட்ட எடுத்தீங்க? நல்ல கைப்பதம்."

அவள் பதில் சொல்ல வாயை மூடப் பார்த்தாள். முடியவில்லை. யாரோ கட்டைவிரலால் தாடையைத் தாங்கி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மெல்லக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரம்மா எதிர்ச் சுவரின் குழாயடியில், அவளுக்கு முதுகைக் காட்டியபடி, இரண்டு கைகளிலும் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.