பச்சை விழுந்தால் போதும்

ஆழ்பட்டினம் கடலுக்கு அடியில் இருந்தது. அங்கே சூரியனுக்கு ஒரு வேலையும் இல்லை. காவல்கதவின் மேலே பச்சை விளக்கு எரிந்தால் விடிந்தது என்று பொருள். கதவை நடத்தும் கணினி நிரல் தினமும் காலையில் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். ஒரு சோதனை தவறினாலும் சிவப்புதான், கதவு திறக்காது. கரைக்கு வேலைக்கும் பள்ளிக்கும் போகிற ஜனம் டிபன் டப்பாவோடு நின்று நிரலாளர்களைத் திட்டும்.

அன்று சிவப்பு. நிரலாளர் கஸ்பார் பர்னாந்து கொட்டாவி விட்டபடி திரையைப் பார்த்தார். முந்தின நாள் யாரோ கைவைத்த நிரல், உள்ளே இருக்கும் ஊராரைப் பட்டியலாகத் தராமல் ‘கணம்’ என்கிற தொகுப்பாகத் தந்திருந்தது. சோதனையோ பட்டியலைக் கேட்டது. சோதனை எழுதுகிறவர்களைக் கண்டாலே கஸ்பாருக்கு இளக்காரம். சொந்தமாக ஒன்றும் செய்யத் தெரியாதவர்கள், அடுத்தவன் வேலையில் நொட்டை சொல்லிப் பிழைக்கிறார்கள் என்பது அவர் கட்சி.

“நிரலைத் திருத்துங்க அண்ணாச்சி,” என்றாள் உடன் வேலை பார்க்கும் ஜன்னத். “பட்டியல்னா ஒரே மாதிரி ரெண்டு வந்தாலும் ரெண்டும் நிக்கும். கணத்துல ஒண்ணு காணாமப் போயிரும்.”

“போனாப் போவுது. ஒரே ஆளு ரெண்டு தடவ எதுக்கு? பையில போட்டாலும் பெட்டியில போட்டாலும் சாமான் ஒண்ணுதான். பெருசாப் பேச வந்துட்டா!”

அவர் நிரலைத் தொடவே இல்லை. கணத்தைக் கேட்கும்படி சோதனையையே மாற்றிவிட்டார். பச்சை விழுந்தது. ஜனம் கைதட்டியது. பச்சை விழுந்த சோதனையை மறுநாள் விடியும்வரை யாரும் தொட முடியாது. இப்படிப்பட்ட கெட்டிக்காரர்களுக்குப் பயந்துதான் ஊர்ச்சபை அந்த விதியை வைத்திருந்தது.

மாலையில் பள்ளிப் படகு வந்தது. உப்புநீரில் கைரேகை ஊறிப்போகும் என்பதால் கதவு ஆட்களை மரபுக்குறியால்தான் அறியும். கஸ்பாரின் மகள் பிலோ உள்ளே வந்தாள். ஒரே கரு பிளந்து அவளோடு பிறந்த, அதே மரபுக்குறி கொண்ட மார்த்தா அடுத்து நின்றாள்.

“நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்,” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கதவு மூடிக்கொண்டது.

கதவுக்கு அப்பால் மார்த்தா நின்ற வெளியறையில் காற்று மெலிசு. அரைமணிக்கு மேல் நெஞ்சை அடைக்கும். படகும் போய்விட்டது. கஸ்பார் பதறிப்போய் நிரலைப் பட்டியலுக்கு மாற்றினார். சோதனை அதை ஏற்கவில்லை. அது கேட்டது கணம். அப்படிக் கேட்கச் சொல்லியிருந்தவர் அவர்தான்.

“ரெண்டு பிள்ளைக இருக்குலே!” என்று கதவைக் குத்தினார்.

“சரிபார்க்கப்பட்டது. ஒருவர்,” என்றது கதவு.

ஜன்னத் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “உள்ள இருக்கிறவ வெளிய போனா, வெளிய நிக்கிறவ வரலாம். விடியிற வரைக்கும் மாத்தி மாத்தித்தான் அனுப்பணும்.”

எந்தப் பிள்ளையைப் பார்த்து ‘நீ போ’ என்பது?

பிலோ புத்தகப்பையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். “நான் போறேம்ப்பா. அவ கொஞ்சம் மூச்சு விட்டுக்கிடட்டும்.”

கதவு திறந்தது. ஒருத்தி போனாள், ஒருத்தி வந்தாள். வந்தவள் இருமிக்கொண்டே அவர் மடியில் சாய்ந்தாள். இருமல் அடங்கியதும் நிமிர்ந்து பார்த்தாள்.

“அடுத்து நான் எப்பப்பா வெளிய போகணும்?”