குழலி நறுக்கிய பிசிறு

ஏலவார்குழலியின் வீட்டில் வெயில் நுழையாத ஒரே இடம் தறி அறைதான். பட்டு இழை காய்ந்தால் அறுந்துவிடும் என்று அப்பா ஜன்னலைப் பாதி மூடி, தரையில் தண்ணீர் தெளித்து வைப்பார். காஞ்சிபுரமே வெந்துகொண்டிருந்தாலும் அங்கே சில்லென்று இருக்கும்.

அதனால்தான் குழலியின் தோழி திரிஷா தன் ஸ்ட்ராபெரிச் செடியைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தாள். ஊட்டியில் வேலை செய்யும் அவளுடைய அண்ணன் பொங்கலுக்குக் கொண்டுவந்த செடி அது.

“எங்க வீடு ஷீட்டு போட்டது. செடி வெந்துடும்பா. உங்க ஜன்னலாண்ட இருக்கட்டும். இது குட்டி போடும், அதுல ஒண்ணு எனக்குக் குடு. மே மாசம் நாங்க ஐயம்பேட்டைக்கு வீடு மாறப் போறோம். அங்க வேப்பமரம் இருக்குது, நல்ல நிழல். அண்ணன் லீவுக்கு வந்தா காட்டணும்.”

குழலி கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். ஒரே ஒரு பழம் பழுத்தது. ஆளுக்குப் பாதி தின்றார்கள். புளிப்பில் திரிஷாவின் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

“இதையா ஊட்டியில காசு குடுத்து வாங்கறாங்க?” என்று கேட்டாள் குழலி.

குட்டியைத்தான் காணோம். வாழைக்கன்று போலக் காலடியில் முளைக்கும் என்று குழலி தினமும் மண்ணைப் பார்த்தாள். செடியிலிருந்து சிவப்பாக, நூல் மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டு வந்ததுதான் மிச்சம்.

நெய்து முடித்த சேலையில் பிசிறு நறுக்குவது அந்த வீட்டில் குழலியின் வேலை. நூல் நீட்டிக்கொண்டிருந்தால் அவள் கை சும்மா இருக்காது. செடியில் நீட்டியதையும் கத்திரியால் நறுக்கினாள். வர வர நறுக்கினாள்.

பரீட்சை முடிந்த அன்று திரிஷா வந்து செடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“நீளமா கொடி வருமே, எங்க?”

“அதுவா? பிசிறு. அப்பப்ப நறுக்கிட்டேன்.”

“அதான்பா குட்டி. அந்தக் கொடி நுனியிலதான் புதுச் செடி வரும்.”

குழலியின் முகம் சுண்டிப்போனது. “எனக்குத் தெரியாதுடி.”

“நானும் சொல்லல. பரவால்ல, உடு.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது குழலிக்கு. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நறுக்கிக் குப்பையில் போட்ட குட்டிகளை நினைத்து நினைத்து அழுதாள்.

மறுநாள் இலைக்கடியில் பார்த்தபோது, விரல் நீளத்துக்கு ஒரு கொடி தப்பியிருந்தது. கொட்டாங்குச்சியில் மண் நிரப்பிப் பக்கத்தில் வைத்தாள். நுனியில் துளி இலை விட்டதும், தன் ஹேர்பின்னை மாட்டி அதை மண்ணோடு சேர்த்து நிறுத்தினாள். பிறகு கத்திரியை அப்பாவிடம் நீட்டினாள்.

“எனக்கு எட்டாத எடத்துல வைப்பா.”

“அப்ப பிசிறு யாரு நறுக்கறது?”

“நீயே நறுக்கிக்க.”

மே மாதம் கத்திரி வெயில் வந்தது. அந்தக் கத்திரியை எங்கேயும் தூக்கி வைக்க முடியவில்லை. தறி அறையின் ஈரத்தையும் மீறித் தாய்ச்செடி கருகியது. காய்ந்த கொடி தானாக அறுந்தது. ஆனால் அதற்குள் கொட்டாங்குச்சியில் குட்டி வேர் பிடித்திருந்தது.

வீடு மாறும் நாளில் திரிஷா வந்தாள். குழலி கொட்டாங்குச்சியை அவள் கையில் வைத்தாள்.

“இருக்கறது இது ஒண்ணுதான். எடுத்துக்க.”

“உனக்கு?”

“நான்தான எல்லாத்தையும் நறுக்கினேன்.”

“இது குட்டி போட்டா மொதல் குட்டி உனக்குத்தான்,” என்றாள் திரிஷா. ஷேர் ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனாள். குழலிக்கு மனசு கொஞ்சம் லேசானது. வெறும் தொட்டியைப் பார்த்ததும் மறுபடி கனத்தது.

அடுத்த வாரம் தறியிலிருந்து ஒரு சேலை இறங்கியது. அவள் கேட்காமலே அப்பா கத்திரியை எடுத்துக் கொடுத்தார். ஓரத்தில் சிவப்பாக ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. குழலியின் கை போனது, நின்றது.

அதை மெல்லத் தூக்கி நுனியைப் பார்த்தாள். இலை இல்லை. அதற்குப் பிறகுதான் நறுக்கினாள்.